வராத புத்தகத்துக்குச் செலுத்திய காணிக்கை

அன்புள்ள சாமு,

"அந்தப் பையன் கடைசியில உள்ள போவானா, மாட்டானாம்மா?" என்று போன வாரம் பெங்களூரிலிருந்து கேட்டாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை. உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. இந்தச் சனிக்கிழமை மாலை இதை எழுத உட்காரும்போதும் தெரியவில்லை. என் நாவலில் அந்தப் பையனை உண்டாக்கியவள் நான்தான். ஆலயத்து வாசலில், புங்க மரத்தடியில், ஸ்கூட்டர்மேல் அவனை உட்கார வைத்து ஹெல்மெட்டை மடியில் கொடுத்தவள் நான்தான். அவன் எழுந்து உள்ளே நடப்பானா என்பது எனக்கே தெரியாது என்றால் கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் பெற்ற பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த மாதம் உனக்கும் பவித்ராவுக்கும் பதிவுத் திருமணம். இந்தச் சமயத்தில் அம்மாக்கள் மகன்களுக்குப் புத்திமதி எழுதுவார்கள். எனக்குப் புத்திமதி சொல்ல வராது, உனக்கே தெரியும். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவளுக்குத் தவளையின் இதயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வரும், சொந்தப் பிள்ளையிடம் ஐந்து நிமிடம் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். பிறகு வேறு யார் படித்தாலும் புரிய வேண்டும் என்ற ஆசை எழுதுகிறவளை விடாது. புத்தகமே வராதவளுக்கு இந்த ஆசை எதற்கு என்று நீ சிரிக்கலாம்.

நாவலின் கதையை நீ படித்துவிட்டாய். கோயில்களும் தறிகளும் நிறைந்த ஓர் ஊரில் ஒரு கிறிஸ்தவத் தாய். அவள் மகன் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறான். சண்டை போடுவதில்லை, காரணமும் சொல்வதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, முடிகிற வரைக்கும் மரத்தடியில் காத்திருந்து திரும்ப அழைத்துப் போகிறான். அது நீதான் என்று நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. கருட சேவைக்குத் தெரு முழுக்க ஜனம் நிற்கும் காலையிலும் சந்து சந்தாக வண்டியை ஓட்டி, "ஏறும்மா, பிரசங்கம் ஆரம்பிச்சுடப் போறாங்க" என்று அவசரப்படுத்துகிறவன் உலகத்தில் வேறு எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? உள்ளே உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக உன்னைப் பார்ப்பேன். உனக்கு இருக்கும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் எனக்கும் உண்டு. நான் அவற்றோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். நீ அவற்றோடு வெளியே உட்கார்ந்திருந்தாய். இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்தும் கண்டுபிடிக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில், மாணவிகளின் ரெக்கார்டு நோட்டுகளை ஒதுக்கிவிட்டு நான் எழுதிக்கொண்டிருந்த வருஷங்களை நீ பார்த்திருக்கிறாய். என்ன எழுதுகிறேன் என்று உன் அப்பா ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. தட்டு வைக்க இடம் மட்டும் கேட்பார். எழுதியது நன்றாக இருக்கிறதா என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. சில பக்கங்களைப் படித்தால் நாமா எழுதினோம் என்று இருக்கும். அடுத்த நிமிடமே, இது நம்முடையதுதானா அல்லது ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்ததெல்லாம் வயிற்றில் தங்கி இப்படி வெளியே வருகிறதா என்று சந்தேகம் வரும். கிருபை, பாரம், ஸ்தோத்திரம் என்று வளர்ந்த வாய்க்கு வேறு தமிழ் எங்கிருந்து வரும்?

முதலில் சென்னையில் ஓர் இலக்கியப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அங்கே ஒரு இளைஞர் பொறுமையாகப் படித்திருந்தார். நேரில் போனபோது டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க கை நல்ல கை மேடம்" என்றார். பிறகு பிரதியைப் புரட்டிக்கொண்டே, "அந்தப் பையனைப் பத்தி எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல. அம்மாதான் பிரச்சினை. இவ்ளோ யோசிக்கிற பொம்பளை ஏன் இன்னும் உள்ளயே உக்காந்துக்கினு இருக்காங்க? அவங்க எப்ப வெளிய வருவாங்க?" என்று கேட்டார். அவர்கள் வெளியே வர மாட்டார்கள் என்றேன். "அப்ப இது சபைக்குள்ள படிக்கிற புக்கா ஆயிடும் மேடம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பேருந்தில் வாலாஜாபாத் தாண்டும்வரைக்கும் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்ற பயம்தான் இருந்தது.

பிறகு ஒரு கிறிஸ்தவப் பதிப்பகம். அதை நடத்தும் அம்மையாரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் எல்லோரையும் அப்படியே கூப்பிடுகிறார். படித்துவிட்டு அழுததாகச் சொன்னார். போட்டுவிடலாம் என்றார். கடைசி அத்தியாயத்தை மட்டும் மாற்ற வேண்டும், பையன் ஆலயத்துக்குள் வர வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதை உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் காதில் விழுந்தது போட்டுவிடலாம் என்பது மட்டும்தான் போலிருக்கிறது.

அவருடைய வழக்கம் உனக்குத் தெரியும். கேட்டதைக் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. உன் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முந்தின ஞாயிறே, மகன் தேறியதற்காக என்று ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் எழுதிப் போட்டவர். நீ தேறினாய், அதனால் அவருக்குத் துணிச்சல் கூடிவிட்டது. நான் வெளியூர்க் கல்லூரியில் இருந்தபோது காஞ்சிபுரத்துக்கு மாற்றல் கிடைத்ததற்காக என்று எழுதிப் போட்டார். ஆயர் அதை மேடையிலிருந்து வாசித்தார். மாற்றல் வரவில்லை. அந்த வருஷம் முழுக்க, "எப்ப டீச்சர் ஜாயின் பண்றீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே ஆறரை மணி பேருந்தைப் பிடிக்க ஓடினேன். நீ கல்லூரிப் பேருந்தில் ஏறியபடியே "அம்மாவுக்கு விசுவாசம் பத்தலப்பா" என்று அவரைக் கிண்டல் செய்ததும், அவர் சிரிக்காததும் ஞாபகம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நடந்தது. ஆயர் கவர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். பேரன் பிறந்ததற்காக, அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு, "நம் சகோதரி எழுதின புத்தகத்தை வெளியிடக் கர்த்தர் கிருபை செய்தபடியால், குடும்பமாக ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்துகிறார்கள்" என்று வாசித்தார். நான் பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டேன். அதோடு விடவில்லை அவர். "அறுப்பின் பண்டிகை அன்னைக்கு நம்ம சபையிலயே வெளியீடு வச்சுக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். விளைந்ததைக் கொண்டுவந்து சபையில் ஏலம் விடும் பண்டிகை அது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் பெண்கள் ஐக்கியத்துக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"சொல்லவே இல்ல பாத்தீங்களா டீச்சர். எழுதிக்கினு இருந்தீங்கன்னே தெரியாது."

"எனக்கும் என் தங்கச்சிக்கும் எடுத்து வைங்க. கையெழுத்துப் போட்டுதான் தரணும்."

"பண்டிகை ஏலத்துல வச்சா உங்க புக்கு பூசணிக்காயைத் தாண்டிடும் டீச்சர். போன வருஷம் பூசணிக்காய்க்கு என்னா போட்டி."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். வாசலில் நீ இல்லாததால் உன் அப்பாவின் பைக்கில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

"எதுக்குங்க அப்படி எழுதினீங்க?"

"வந்துரும்னுதான்."

"வரணும்னு ஒரு ஜெபச் சீட்டுல எழுதிப் போட்டிருக்கலாமே."

"சீட்டுல எழுதினா அது வேண்டுதல். எல்லாரும்தான் வேண்டிக்கிறாங்க. கவர்ல போடறதுக்குத் துணிச்சல் வேணும்."

"மாற்றலுக்கும் துணிச்சலாத்தான் போட்டீங்க."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அது எனக்கும் ஞாபகம் இருக்குது" என்றார். நான் எழுதிய ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காத மனிதர், அது வந்துவிடும் என்று ஊரறியச் சொன்னார். எழுதிய நான் அதை நம்பவில்லை. இதில் யார்மேல் கோபப்படுவது?

நேற்று சிஸ்டர் போன் செய்தார். ஆயரே அவருடைய நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசிவிட்டாராம். பண்டிகைக்குப் புத்தகம் வேண்டுமென்றால் திங்கட்கிழமை கடைசி அத்தியாயம் தன் கையில் இருக்க வேண்டும் என்றார்.

"வாசல் வரைக்கும் கூட்டிக்கினு வந்துட்டீங்களே சிஸ்டர். உள்ள கூட்டிக்கினு வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"அவனா வரணும் இல்லைங்களா."

"கதைதானே சிஸ்டர்."

"கதைதான்."

"அப்புறம் என்ன? நான் ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதை வாங்கறவங்க யாரு? பையன் சர்ச்சுக்கு வரலியேன்னு ராத்திரி பூரா அழற அம்மாங்க. அவங்க கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டு மூடி வைப்பாங்களே, அப்ப அவங்க கையில நாம என்னத்தைக் குடுக்கறோம்?"

சாமு, இது மோசமான கேள்வி இல்லை. அந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. எனக்கு யாராவது அப்படி ஒரு கடைசிப் பக்கத்தைக் கொடுத்திருந்தால், அது பொய் என்று தெரிந்தே இரண்டு தடவை படித்திருப்பேன்.

எழுதியும் பார்த்தேன். நேற்று மாலை முழுக்க அதுதான் வேலை. பாட்டுச் சத்தம் கேட்கிறது, பையன் ஹெல்மெட்டை வண்டியில் மாட்டுகிறான், செருப்பைத் தட்டிக்கொண்டு படியேறுகிறான். படி வரைக்கும் அவன் அவனாக இருந்தான். கதவைத் தாண்டியதும் வேறு யாரோ ஆகிவிட்டான். அவன் வாயிலிருந்து வந்தது பிரசங்கம். உன் கிண்டல் இல்லை, நீ யோசிக்கும்போது கழுத்தைச் சொறிவது இல்லை. இன்னும் நன்றாக எழுதத் தெரிந்த ஒருத்தி அவனை அவனாகவே உள்ளே கூட்டி வந்திருப்பாளோ என்னவோ. நான் மறுப்பது நேர்மையாலா, கையாலாகாத்தனத்தாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அதனாலேயே அதை நம்பப் பயமாகவும் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த அத்தியாயம் அச்சில் வந்தால், பண்டிகை அன்று நம் சபையில் அதை வாங்குகிறவர்கள் எல்லோரும் அது யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். உன் கல்யாணம் முடிந்து நீ பவித்ராவோடு இந்த ஊருக்கு வரும்போதெல்லாம், புத்தகத்தில் உள்ளே வந்த பையன் ஏன் இன்னும் வெளியே நிற்கிறான் என்று பார்ப்பார்கள். அச்சடித்த ஒன்றுக்கு நீ வாழ்நாள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மாற்றல் வராத அந்த ஒரு வருஷமே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உன்னைக் கேட்டுவிடலாம்தான். கேட்டால், "போட்டுக்கோம்மா, எனக்கென்ன" என்பாய். அந்த "எனக்கென்ன"வைக் கேட்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் நாள் குறிக்க நானும் அப்பாவும் பிள்ளையார்பாளையத்தில் பவித்ரா வீட்டுக்குப் போயிருந்தோமே, அங்கே நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. காபி கொடுத்துவிட்டு பவித்ராவின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "புக்கு எழுதிக்கினு இருக்கீங்களாமே, தம்பி சொல்லிச்சு. எங்க பொண்ணு வர்றாளா அதுல?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பாடா. தெருவுல பேசறது பத்தாதுன்னு புக்குல வேற வரணுமா" என்றார். தறியிலிருந்தே பவித்ராவின் அப்பா, "வந்தா நல்ல பொடவையா கட்டி வுடுங்கம்மா, எங்க பேரு கெட்டுடப் போவுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அந்த அம்மா மெதுவாக, "உங்க சாமி இதுக்கு ஒன்னும் சொல்லாதாம்மா?" என்று கேட்டார். உன் அப்பா என்னைப் பார்த்தார். "தெரியலைங்க" என்றேன். "எங்க சாமியும் ஒன்னும் சொல்லல. அதான் கொஞ்சம் பயமா இருக்குது" என்றார் அவர். இத்தனை வருஷம் ஆலயத்தில் ஒவ்வொருவரும் முன்னால் வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லக் கேட்ட எந்தச் சாட்சியும் இவ்வளவு நெருக்கமாக என்னிடம் வந்ததில்லை. எனக்கும் அவருக்கும் தூங்க முடியாத காரணம் ஒன்றேதான்.

ஆகவே புத்திமதி என்றால் இதுதான். பவித்ரா கோயிலுக்குப் போனால் நீ கூடப் போய் வெளியே நில். அது உனக்கு நன்றாக வரும். உள்ளே வா என்று அவள் கூப்பிட்டால் போவதும் போகாததும் உன் இஷ்டம், ஆனால் அவள் வெளியே வரும்போது நீ அங்கே இருக்க வேண்டும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உன் வண்டி நிற்கிறதா என்று நான் பார்க்காத ஞாயிறு கிடையாது. நீ இந்த ஊரில் இருந்தவரைக்கும் ஒரு தடவைகூட நீ இல்லாமல் இருந்ததில்லை. அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் நல்லதாகக்கூட எதையும் யாரிடமும் எழுதிக் கொடுத்துவிடாதே. இந்த வீட்டில் அந்தப் பழக்கம் எங்கள் இருவருக்கும் இருக்கிறது, எங்களோடு போகட்டும்.

திங்கட்கிழமை என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. நாளைக்கு ஆயரைத் தனியாகப் பார்த்து, புத்தகம் வரவில்லை என்றாவது சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு மாலை.

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். ஆராதனைக்கு முன்பே ஆயரைப் பார்த்தேன். "புத்தக விஷயமா ஒன்னு சொல்லணும் ஐயா" என்றேன். அவர் அங்கியை மாட்டிக்கொண்டே, "சாட்சி நேரத்துல நீங்களே வந்து சொல்லிடுங்க சகோதரி, அதுதான் சிறப்பு" என்று போய்விட்டார். சாட்சி நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார். மைக்குக்கு முன்னால் நான் இதுவரைக்கும் நின்றதில்லை.

"புத்தகம் இன்னும் வரல" என்றேன். "பதிப்பகத்துல கடைசி அத்தியாயத்தை மாத்தச் சொல்றாங்க. அதுல வர்ற பையன் ஆலயத்துக்குள்ள வர்ற மாதிரி எழுதணுமாம். அவன் வருவானான்னு எனக்குத் தெரியல. அதனால எழுத முடியல. போன வாரம் கவர்ல இருந்தது இன்னும் நடக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் வழக்கம்போல, "ஸ்தோத்திரம்" என்றார். நான் இறங்குவதற்குள் ஆயர் எழுந்து வந்து என் தலைக்குமேல் கையை உயர்த்தினார். "சகோதரியின் பாரத்தை நாம் எல்லோரும் சுமப்போம். அன்பு மகன் சாமுவேல் திரும்பி வரும்படியாக முழங்கால்படியிடுவோம்" என்றார். உன் பெயரை நான் சொல்லவில்லை, சாமு. கதை என்றுதான் நினைத்துச் சொன்னேன். சபை முழுவதும் முழங்கால் போட்டது. உன் பெயரைச் சொல்லிச் சொல்லி ஜெபித்தார்கள். பூசணிக்காயைப் பற்றிப் பேசிய அந்த அம்மா நிஜமாகவே அழுதார். நான் மைக்குக்குப் பின்னால் கண்ணைத் திறந்தபடி நின்றேன். நான் எழுத மறுத்த அத்தியாயத்தை அவர்கள் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னால் நிறுத்த முடியவில்லை. முடிவில் எல்லோரும் ஆமென் என்றார்கள். சபையிலேயே சத்தமாக ஆமென் சொல்கிறவர் உன் அப்பா. இன்றைக்கு அவர் குரல் அதில் இல்லை. நான் நன்றாகக் கவனித்தேன், இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர், "அவன்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"எதை?"

"அவனைக் கேக்காம அவன் பேரைச் சொன்னதை."

"நான் எழுதிக்கினு இருக்கேன்" என்றேன். "என்னாலதான்னு எழுது" என்றார்.

மத்தியானம் சிஸ்டருக்குப் போன் செய்தேன். "அவன் வெளியதான் நிக்கிறான் சிஸ்டர்" என்றேன். "சரி சிஸ்டர், ஜெபத்துல வச்சுக்கறேன். பிரதியைத் திருப்பி அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். அனுப்பிவிடுங்கள் என்றேன்.

உன் அப்பா இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறார். தட்டு வைக்க இடம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கான காணிக்கைக் கவரை எடுத்து, பேனாவைத் திறந்து வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, எதற்காக என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் கவரை ஒட்டினார்.